மவுஸுக்கு வந்த கண்ணேறு

சனிக்கிழமை காலை பத்து மணிக்கெல்லாம் வரிசை இரண்டாம் மாடியிலிருந்து படியிறங்கி, கீழே சலவைக்கடை வாசலைத் தாண்டி, தெருமுனைத் தபால்பெட்டி வரை போய்விட்டது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு மவுஸ். சிலர் அதைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்கள். காய்ச்சல் கண்ட குழந்தையை டாக்டரிடம் தூக்கி வருகிறவர்கள்கூட இவ்வளவு கவலையாக இருக்கமாட்டார்கள். மவுஸோடு கீபோர்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தவர்கள் வியாதி முற்றியவர்கள்.

"உங்களுதுக்கு என்னங்க?"

"கிளிக் பண்ணா அரை நொடி கழிச்சு சுடுது. அதுக்குள்ள அவன் என்னைச் சுட்டுடறான். உங்களுக்கு?"

"நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. எதிர்வீட்டுக்காரர் வந்து, வயர்லெஸ்ஸா, சூப்பரா இருக்கேன்னாரு. அன்னிக்குப் படுத்ததுதான்."

"கண்ணு பட்டிருக்கும்."

"அதான் கூட்டிட்டு வந்தேன்."

கூட்டிக்கொண்டு வந்தாராம். மவுஸை.

எல்லாரும் படிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வரிசையில் ஒரு பல் டாக்டர் நின்றார். ஒரு கணக்கு வாத்தியார் நின்றார். கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிச் சம்பளம் வாங்குகிற நாலு பேர் நின்றார்கள். நானும் நின்றேன். பகலில் பார்சல் அலுவலகத்தில் முகவரி சரிபார்ப்பது என் வேலை. கதவு எண்ணில் ஒரு இலக்கம் தப்பாக இருந்தாலும் பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அப்பேர்ப்பட்ட நான் அந்த ஆளிடம் மட்டும் எதையும் சரிபார்க்காமல் மூன்றாவது முறையாக வந்து நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

மேலே இருந்தது கேமிங் சென்டர், காசு கொடுத்துக் கம்ப்யூட்டரில் சுடும் விளையாட்டு ஆடுகிற இடம். முப்பது கம்ப்யூட்டர், சுவரை அடைத்த ஒரு பெரிய திரை, உட்கார்ந்து உட்கார்ந்து குழிவிழுந்த நாற்காலிகள். கம்ப்யூட்டர் அவர்களுடையது, மவுஸும் கீபோர்டும் அவரவர் கொண்டுவர வேண்டும். இப்போது எல்லாரிடமும் வயர்லெஸ்தான். நகத்தளவு ரிசீவர் ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகிவிட்டால் போதும், வயர் இல்லாமலே மவுஸ் பேசும். வயர் இல்லையென்றால் நடுவில் என்ன இருக்கிறது? காற்று. காற்றில் என்ன இருக்கிறது? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத இடத்தில்தான் ஒருவர் வந்து கடை போடுவார்.

போட்டார். அவர் பெயர் அலைஞானி. பட்டம் கொடுத்தது அவரேதான். முழங்காலுக்குக் கீழே இறங்கும் வெள்ளைக் கோட்டு, அதில் ஆழமான இரண்டு பைகள். வலது கை மவுஸுக்கு மேலே மிதக்கும். இடது கை எப்போதும் கோட்டுப் பைக்குள் இருக்கும்.

"வயர்ல போற சிக்னலுக்கு வேலி உண்டு," என்பார். "வயர்லெஸ் சிக்னல் தனியா நடந்து போற பிள்ளை மாதிரி. போற வழியில எதிராளியோட பொறாமை அதைப் புடிச்சு உலுக்கிடும். நீங்க இங்க அமுக்கறது அங்க போய்ச் சேர்றதுக்குள்ள பாதி உசுரு போயிடும்."

கூட்டம் "உச்" கொட்டும். அப்படியானால் வயர் மவுஸ் வைத்திருப்பவர்கள் தப்பித்தார்களா என்று கேட்டால், அவர்களுக்கும் வழி வைத்திருந்தார். வயரில் ஏழு முடிச்சு போட்டுத் தருவார். ஞானிக்கு எந்த வாடிக்கையாளரையும் பகைத்துக்கொள்ளத் தெரியாது.

பரிசோதனை எப்போதும் ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரில்தான். மற்றவற்றில் அலை கலங்கிக் கிடக்கிறதாம். முதலில் அவருடைய உதவியாளர், வழுக்கைத் தலையோடு ஒரு பெரிய மனிதர், பெயிண்ட் பிரஷ் ஒன்றோடு மேசைக்குப் பின்னால் மண்டியிட்டுப் போய்க் கம்ப்யூட்டரின் முதுகைச் சுத்தம் செய்வார். அதற்குப் பின்பக்கத் தூய்மை என்று பெயர். பிறகு நம் ரிசீவரை முன்பக்கம் செருகச் சொல்வார்கள். மவுஸை மேசையில் வைத்துவிட்டு நாம் கையை எடுத்துவிட வேண்டும். ஞானி கண்ணை மூடி வலது கையை மேலே நீட்டுவார்.

திரையில் கர்சர் தானாக ஆடும். யாரும் தொடவில்லை, மேசை அசையவில்லை. கர்சர் மட்டும் பேய் பிடித்த மாதிரி வட்டம் போடும். பல் டாக்டருக்கே பல் கிட்டித்தது.

உடனே ஞானி ஒரு சின்னச் செப்புக் குல்லாவை எடுத்து ரிசீவர் தலையில் மாட்டுவார். கர்சர் அடங்கிவிடும். குல்லாவின் விலை கேட்டால் உங்களுக்கும் தலை ஆடும், சொல்லவில்லை. வீட்டுக்குப் போய் விளையாடினால் மவுஸ் முன்னைவிட மோசமாக இழுக்கும். கேட்டால், "பொறாமை வெளியேறும்போது கொஞ்சம் தடுமாறத்தான் செய்யும். இன்னொரு குல்லா போடுங்க," என்பார். என் ரிசீவருக்கு இரண்டு. கீபோர்டு ரிசீவருக்கு ஒன்று. எனக்குப் போட்ட குல்லா கணக்கில் இல்லை.

இப்போது எங்கள் சொந்தக் கதைக்கு வருகிறேன்.

எங்கள் அணியில் ஐந்து பேர். கேப்டன் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்ற லிஃப்ட்டில் ஆள் மாட்டிக்கொண்டால் முதலில் ஃபியூஸைப் பார்ப்பார், பிறகு மோட்டாரைப் பார்ப்பார், மந்திரம் போடமாட்டார். மவுஸ் நின்றால் மட்டும் அவருக்கு மந்திரம் வேண்டும். அணியிலேயே குறி தப்பாத கை என் தங்கச்சியுடையது. கூட்டாளிகள் அவளுக்கு வைத்த பெயர் கொசு. எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது, கடித்துவிட்டு மறைந்துவிடுவாள். பகலில் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. சாயங்காலம் நேராக இங்கே வந்து இரண்டு மணி நேரம் பயிற்சி. இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறியதில்லை. லீக் இறுதிப் போட்டியில் அந்தப் பெரிய திரைக்குக் கீழே உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை.

முதல் ஆறு ஆட்டங்களில் ஜெயித்தோம். ஏழாவதில் தோற்றோம். எதிரணி நன்றாக ஆடினார்கள், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதை ஒப்புக்கொள்ள மனுஷனுக்கு வாய் வருமா? கேப்டன் குல்லா வாங்கினார். நான் வாங்கினேன். இன்னும் இருவரும் வாங்கினார்கள். கொசு மட்டும் சிரித்தாள். எட்டாவது ஆட்டத்தில் மண்ணைக் கவ்வினோம். இருந்தாலும் பழைய புள்ளிகளின் தயவில் இறுதிப் போட்டிக்குள் நுழைந்துவிட்டோம். அது ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு. அதனால்தான் சனிக்கிழமை ஐந்து பேரையும் கேப்டன் வரிசையில் நிறுத்தினார்.

ஞானி முதலில் கேப்டனுடைய மவுஸுக்கு மேலே கையை நீட்டினார். கர்சர் அசையவில்லை. என்னுடையது அசையவில்லை. மற்ற இருவருடையதும் அசையவில்லை. "குல்லாவோட மகிமை," என்றார். கொசு பையிலிருந்து மவுஸை எடுத்து அப்படியே மேசையில் வைத்தாள். அவ்வளவுதான், கர்சர் தலைதெறிக்க ஓடியது.

ஞானி பெருமூச்சு விட்டார். "மவுஸ்ல குறையில்ல. கையில இருக்கு. இந்தக் கை கூட இருந்தா அணி தேறாது."

கொசு, "போன ஆட்டத்துல அதிகமா சுட்டதே நான்தாங்க," என்றாள்.

"அதான் சொல்றேன். மத்தவங்க பலத்தையும் நீ இழுத்துக்கறே."

கூட்டம் தலையாட்டியது. கேப்டன் படிக்கட்டில் அவளைத் தனியாக நிறுத்தினார். "தப்பா நினைக்காதம்மா. நாளைக்கு ஒரு நாள் உனக்குப் பதிலா என் மச்சான் ஆடட்டும். காலைல பதினொரு மணிக்கு ஞானி ஐயா நம்ம அணிய வந்து ஒரு தடவ பார்க்கறாரு. அதுக்கப்பறம் பெயர் குடுத்துடுவேன்."

மச்சானுக்குக் குறிபார்த்து ஊசியில் நூல் கோக்கவே வராது. கொசு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அண்ணன். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். படிக்கட்டின் கைப்பிடியில் பெயிண்ட் உரிந்திருப்பதை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னையே நாலு சாத்து சாத்த வேண்டும் போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். குளிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சமையலறை மேசையில் பையைக் கொட்டி மவுஸை எடுத்தாள். திருப்பிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணா, இங்க வாயேன்."

"என்ன?"

"நான் பையில போடறப்போ எப்பவும் அடியில இருக்கிற சுவிட்ச ஆஃப் பண்ணிடுவேன். பேட்டரி வீணாகுமேன்னு."

"சரி."

"அந்தாளு முன்னாடி வெச்சப்போ ஆன் பண்ண மறந்துட்டேன். இப்பவும் ஆஃப்லதான் இருக்கு."

மவுஸை வாங்கி நானும் பார்த்தேன். மூன்று குல்லா வாங்கியவன் இல்லையா, அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க முடியுமா? "வர்ற வழியில பையில இடிச்சு ஆஃப் ஆகியிருக்கும்," என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "இருக்கலாம். எங்க கடையில என்ன பண்ணுவோம் தெரியுமா? லென்ஸ் மாத்தறப்போ, இப்ப தெளிவா இருக்கான்னு கேப்போம். நடுவுல ஒரு தடவ மாத்தற மாதிரி சத்தம் மட்டும் குடுத்துட்டு அதே லென்ஸையே போடுவோம். ஆகா, இப்ப பளிச்சுன்னு இருக்குங்கன்னு நிறையப் பேர் சொல்லுவாங்க. அப்ப தெரிஞ்சிடும், அவங்க கண்ணால பார்க்கல, ஆசையால பார்க்கறாங்கன்னு."

"அதுக்கு?"

"நாளைக்கு ஞானிக்கு அதே லென்ஸைப் போடப் போறேன்." மவுஸின் வயிற்று மூடியைத் திறந்து பேட்டரியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். "நீ ஒண்ணே ஒண்ணு பண்ணணும். ஏழாம் நம்பர் முதுகுப்பக்கம் என்ன இருக்குன்னு பார்க்கணும். அந்த வழுக்கை மாமாவுக்கு அங்க அப்படி என்ன தினமும் தூசி?"

பார்க்கிறேன் என்றேன். படிக்கட்டில் விழுங்கிய வார்த்தைக்கு வட்டி கட்டியாக வேண்டுமே.

ஞாயிறு பதினொரு மணி. சென்டரில் நிற்க இடமில்லை. கீழ்த்தளத்துச் சலவைக்கடைக்காரர்கூட இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு மேலே வந்துவிட்டார். பின்பக்கத் தூய்மை முடிந்தது. கேப்டனின் மச்சான் புதுச் சட்டையில் தயாராக நின்றார். ஞானி இடது கையைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"ஐயா," என்றாள் கொசு, "எனக்கு ஒரே ஒரு தடவ மறுபடி பார்த்துச் சொல்லிடுங்க. சுத்தமா இருந்தா ஆடறேன், இல்லன்னா நானே போயிடறேன்."

ஞானிக்கு மகிழ்ச்சி. தானாக வந்து தலையை நீட்டுகிற ஆடு எத்தனை நாளைக்கு ஒரு முறை கிடைக்கும்? "வைம்மா."

வைத்தாள். கை நீண்டது, கண் மூடியது. கர்சர் குதித்தது, சுழன்றது, திரையின் நாலு மூலையையும் தொட்டுவிட்டு வந்தது. "நேத்தைவிட முத்திப்போச்சு," என்றார் ஞானி.

கொசு மவுஸைத் தூக்கி, மூடியைத் திறந்து, எல்லாருக்கும் தெரியும்படி கவிழ்த்துக் காட்டினாள். உள்ளே காலி.

"இதுல பேட்டரியே இல்லங்க."

எல்லாரும் எட்டி உள்ளே பார்த்தார்கள். அடடா, கூட்டத்துக்குப் புத்தி வந்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். என்னைப் போல ஒரு மடையன் உண்டா?

ஞானி ஒரு கணம்தான் தடுமாறினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பேட்டரியே இல்லாம ஆடுதுன்னா, எவ்வளவு பெரிய கண்ணேறுன்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க."

கூட்டம் யோசித்துப் பார்த்தது. அதுதான் கூட்டத்தின் தொழிலே, மூன்று நொடி யோசிப்பது. "செத்த மவுஸையே ஆட்டி வைக்குதே," என்று கணக்கு வாத்தியார் இரண்டடி பின்வாங்கினார். "எனக்கு இன்னும் ரெண்டு குல்லா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது.

கொசு அசரவில்லை. "சரிங்க ஐயா. அப்ப ரெண்டு கையையும் மேசை மேல வெச்சுட்டு ஒரு தடவ பாருங்களேன்."

"ஒரு கை வெளிய, ஒரு கை உள்ள. அப்பதான் அலை சுழலும். உனக்கு அதெல்லாம் புரியாது."

"பெரியவங்ககிட்ட என்னம்மா இப்படிப் பேசறே?" என்று நாலு பேர் சீறினார்கள். எல்லார் கண்ணும் அவள்மேல் இருந்த அந்த நேரத்தில் நான் மேசைக்குப் பின்னால் மண்டியிட்டேன். வழுக்கை மாமா பிரஷ்ஷைக் கழுவப் போயிருந்தார். செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால், ஏழாம் நம்பரின் முதுகில், வயர்களுக்கு நடுவே, நகத்தளவு ரிசீவர் ஒன்று சமத்தாக உட்கார்ந்திருந்தது. கொசுவின் ரிசீவர் முன்னால் இருக்கிறது. அப்படியானால் இது யார் வீட்டுப் பிள்ளை?

பிடுங்கினேன். ஏழாம் நம்பர் கர்சர் அப்படியே கல்லாகிவிட்டது.

ஞானியின் வலது கை இன்னும் மிதந்துகொண்டிருந்தது. "முத்திப்போச்சு," என்றார் மறுபடி. கர்சர் கேட்கவில்லை. "ரொம்ப... முத்தி..." நெற்றியில் வேர்வை. இடது கோட்டுப் பை மட்டும் உள்ளே கோழிக்குஞ்சு மாட்டிக்கொண்ட மாதிரி துடித்தது.

நான் நாலடி நடந்து, பெரிய திரையின் கம்ப்யூட்டரில் அந்த ரிசீவரைச் செருகினேன்.

இறுதிப் போட்டிக்காக எரிந்துகொண்டிருந்த அந்தச் சுவரளவு திரையில், பூசணிக்காய் அளவுக் கர்சர் ஒன்று வெறி பிடித்துச் சுற்ற ஆரம்பித்தது. ஞானி அதற்கு முதுகு காட்டி நின்றார். ஏழாம் நம்பரில் ஒன்றும் ஆகவில்லையே என்ற பயத்தில் பைக்குள் இன்னும் வேகமாக உருட்டினார். அவர் உருட்ட உருட்ட, அவர் தலைக்கு மேலே கர்சர் பம்பரமாகச் சுழன்றது. கூட்டம் வாயைப் பிளந்தது. அதைப் பார்த்த ஞானி, பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து, இன்னும் ஆவேசமாக உருட்டினார்.

முதலில் சிரித்தது சலவைக்கடைக்காரர். குபீரென்று ஒரு சிரிப்பு. அடுத்தது பல் டாக்டர். பிறகு அறையே குலுங்கியது. ஞானி ஒன்றும் புரியாமல் நின்றுவிட்டார். கர்சரும் நின்றுவிட்டது. பைக்குள் மெதுவாகக் கட்டைவிரலை அசைத்தார். கர்சரும் மெதுவாக அசைந்தது. சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தார். தன் கட்டைவிரலைச் சுவரளவுக்குப் பார்க்கிற பாக்கியம் எத்தனை ஞானிகளுக்குக் கிடைக்கும்?

கேப்டன் முன்னால் வந்தார். அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் இப்போதுதான் விழித்தார். "ஐயா, பையில என்ன?"

"அலைக்கல்."

"எடுங்க, பார்ப்போம்."

எடுக்கவில்லை. ஓடினார். படிக்கட்டில் தடுக்கியதில் கோட்டுப் பையிலிருந்து அலைக்கல் உருண்டு விழுந்தது. கட்டைவிரலால் குண்டை உருட்டி ஓட்டுகிற ஒரு வயர்லெஸ் மவுஸ். அது படிப்படியாகக் குதித்து இறங்க, மேலே பெரிய திரையில் கர்சரும் குதித்தது. கழுவிய பிரஷ்ஷோடு வந்த வழுக்கை மாமா நிலவரத்தைப் பார்த்துவிட்டு, ஞானியையும் முந்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டார். இத்தனை வேகம் அணியில் யாருக்காவது இருந்திருந்தால் ஏழாவது ஆட்டத்தில் தோற்றிருக்கமாட்டோம்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. "எனக்கு அப்பவே சந்தேகம்," என்றார் கணக்கு வாத்தியார். "நானும் நினைச்சேன்," என்றார் பல் டாக்டர். ஞானியின் படத்தை வாசலில் பெரிதாக ஒட்டிவைத்த சென்டர் முதலாளியம்மா அதைக் கிழித்தபடியே, "அந்தாளு முழியே சரியில்ல," என்றார். சந்தேகப்படாத ஒரே ஆள் நான்தான் போலிருக்கிறது.

கொசு என் ரிசீவரைக் கையில் எடுத்து இரண்டு குல்லாவையும் கழற்றினாள். "சிக்னல் காத்துல வருது. நீ அதோட வாயில செம்பால மூடி போட்டு அடைச்சிருக்கே. இழுக்காம என்ன பண்ணும்? எட்டாவது ஆட்டத்துல நாலு பேர் தடுமாறினதும், நான் மட்டும் ஒழுங்கா சுட்டதும் இதாலதான்."

கேப்டன் தலையைக் குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கம்மா. உன் பெயரத்தான் குடுக்கப் போறேன்."

"குடுங்க கேப்டன். முதல்ல உங்க குல்லாவக் கழட்டுங்க."

மச்சானுக்குத்தான் நிம்மதி அதிகம். புதுச் சட்டையோடு முதல் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு ஆடினோம். கொசு அந்தத் திரைக்குக் கீழே உட்கார்ந்து, பேட்டரி போட்ட மவுஸோடு கடித்தாள் பாருங்கள், எதிரணி சொறிந்து மாளவில்லை. கடைசிச் சுற்று வரை இழுத்துப் பிடித்தோம். அந்தச் சுற்றில் தோற்றோம். என்ன தோஷம், யார் கண் என்று கேட்கிறீர்களா? எதிரணி எங்களைவிட நன்றாக ஆடினார்கள். எழுந்துபோய்க் கை குலுக்கிவிட்டு வந்தோம். கொசு வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள்.

கிளம்பும்போது படிக்கட்டில் மறுபடி ஒரு வரிசை. அதே ஆட்கள். கையில் அதே மவுஸ்கள். முன்னால் நின்றவர் நேற்று மவுஸைக் கூட்டிக்கொண்டு வந்தவர். பயபக்தியோடு கொசுவிடம் நீட்டினார்.

"அம்மா, பேட்டரி இல்லாத மவுஸையே ஆட வெச்ச கைம்மா இது. எங்களுதையும் ஒரு தடவ தொட்டுக் குடுத்துடுங்க."

கொசு அதை வாங்கினாள். திருப்பி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தாள். பேட்டரி பச்சையாகக் கசிந்து உப்பியிருந்தது. அதை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"இதைத் தெருமுனைக் கடையில மாத்திக்கலாங்க," என்றாள். "நீங்க மண்டைக்குள்ளேர்ந்து ஒண்ணு கழட்டி வீட்டுல வெச்சுட்டு வந்திருக்கீங்க பாருங்க, அதுக்கு மட்டும் கடையில மாத்து கிடையாது. போய் எடுத்து மாட்டிக்கிட்டு வாங்க."